எல்லைச் சாலையும் வண்டி வானொலியும்



கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கு நோக்கிச் செல்வோர், வாளையாற்றைத் தாண்டியதும் வேற்று மாநிலத்தை அடைந்துவிட்டோம் என்பதைப் பெயர்ப்பலகைகளைக் கண்டே அறிவர். நிலம் சமமாகவே நீள்கிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரங்களில் தமிழ்ப் பேச்சும் உடன் வருகிறது. தெற்கே இடுக்கி மாவட்டத்து எல்லையோ வேறு தன்மையது. உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மறையூருக்கும், போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டுக்கும் செல்லும் பாதைகளில் மலையே எல்லையாக நிற்கிறது. அதற்கு அப்பாலும் தேயிலை, ஏலத் தோட்டங்களில் தமிழர் பல தலைமுறைகளாக உழைத்து வருகின்றனர்.

என் சிற்றப்பா உடுமலையிலிருந்து மறையூருக்கும் மூணாறுக்கும் காய்கறி ஏற்றிச் செல்பவர். அவருடைய பிக்கப் வண்டி பழையது. சில ஆண்டுகளுக்கு முன் நான் விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, அவ்வண்டியில் பழைய ஒலிக்கருவியைக் கழற்றிவிட்டுப் புதிய ஸ்டீரியோ பொருத்தியிருந்தார். பாராட்டலாம் என்று வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டு, "பாட்டு நல்லாத்தான் கேக்குது தம்பி, ஆனா கோயமுத்தூர் ரேடியோ வரமாட்டேங்குது" என்றார். அச்சொல்லே இவ்வுரைக்கு வித்து.

வண்டிக்குள் வானொலி வந்த வரலாறு நெடியது. அமெரிக்காவில் கால்வின் நிறுவனம் 1930-இல் மோட்டரோலா என்னும் பெயரில் கார் வானொலியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அக்காலத்து வால்வுகள் இயங்க உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். வண்டி பாட்டரியின் தாழ்ந்த மின்னழுத்தத்தை உயர்த்த, மின்னோட்டத்தை இடைவிடாது துண்டித்து இணைக்கும் அதிர்வி ஒன்றையும், மின்மாற்றி ஒன்றையும் கருவிக்குள் அமைத்தனர். எஞ்சினின் தீப்பொறி எழுப்பும் கரகரப்பை அடக்குவது மற்றொரு தொல்லை. 1947-இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே, 1950-களின் நடுவில், வால்வு இல்லாத கார் வானொலி பிறந்தது.

அதே 1947-ஆம் ஆண்டுவாக்கில் மகேந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை நம் நாட்டில் இணைத்து உருவாக்கத் தலைப்பட்டது. தோட்டப் பாதைகளுக்கு அவ்வண்டியே ஏற்றதாயிற்று. ஆனால் தொடக்க கால ஜீப்புகளின் மின்னமைப்பு 6 வோல்ட் மட்டுமே. விளக்கும் எஞ்சினும் உண்டது போக, பாட்டுக்கு எஞ்சியது சொற்பம்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த பாலக்காடு கேரளத்துடன் இணைந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. இடுக்கி தனி மாவட்டமானது 1972-இல். நிலத்தில் கோடு வரையப்பட்டது எனினும் வானொலி அலைகள் எல்லையைக் கடந்தே சென்றன. 1939-இல் தொடங்கிய திருச்சி நிலையமும், 1966-இல் தொடங்கிய கோவை நிலையமும், கடல் கடந்து வந்த இலங்கை வானொலியும் எல்லைக்கு அப்பாலிருந்த தமிழருக்கு அன்றாடத் துணையாயின. 1957-இல் விவித பாரதி திரைப்பாடல்களைக் கொணர்ந்தது.

அடுத்து வந்தது கேசட். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அதனை வெளியிட்டு, 1968-இல் காருக்குரிய கேசட் கருவியையும் செய்தது. 1980-களில் நம் நாட்டு லாரிகளிலும் ஜீப்புகளிலும் கேசட் பரவிற்று. வேண்டிய பாட்டை வேண்டிய பொழுதில் கேட்கும் உரிமை ஓட்டுநருக்குக் கிடைத்தது. பண்பலை ஒலிபரப்பு சென்னையில் 1977-இலும், கொச்சியில் 1989-இலும் தொடங்கிற்று. பின்னர்க் குறுந்தகடு, யுஎஸ்பி, புளூடூத் என ஒவ்வொன்றாக வந்தன.

இம்மாற்றங்கள் யாவும் ஒலியைத் தெளிவாக்கின. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கோவை நிலையத்தின் மத்திய அலை 999 கிலோஹெர்ட்ஸ்; அதன் அலைநீளம் ஏறக்குறைய 300 மீட்டர். பண்பலையின் அலைநீளமோ சுமார் 3 மீட்டர். நெடிய அலை நிலத்தைத் தழுவிக் குன்றுகளை வளைத்துச் செல்லும். குறுகிய அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால் மலைமுகட்டில் தடைப்படும். கோடைக்கானல் போன்ற உயரத்திலிருந்து வரும் பண்பலை எதிர்ச்சரிவில் நன்றாகக் கேட்கும். ஒரு வளைவு திரும்பினால் மறைந்துபோகும். ஆதலின் பாலக்காட்டுச் சமவெளியில் புலப்படாத குறை, இடுக்கி மலைப்பாதையில் உடனே புலப்படுகிறது. சிற்றப்பா வாங்கிய கருவியில் பண்பலை இருந்தது. மத்திய அலை இல்லை.

பழைய வண்டியில் கருவியை மாற்றுவது கடினமன்று. பெரும்பாலான கருவிகள் 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஒரே அளவுப் பொந்தில் அமரும். பெட்டியின் மேல் 50 வாட் என அச்சிட்டிருப்பினும், 12 வோல்ட் பாட்டரியில், தனி ஆம்ப்ளிபயர் இன்றி, ஒரு 4 ஓம் ஸ்பீக்கருக்கு உண்மையில் கிடைப்பது சுமார் 20 வாட்டே. எனவே எண்ணைக் கண்டு மயங்காது, கதவிலுள்ள நைந்த ஸ்பீக்கரை மாற்றினாலே ஒலி பெரிதும் சீர்படும். தனி ஆம்ப்ளிபயர் வைப்போர் பாட்டரியிலிருந்து நேராகக் கம்பி இழுத்து, பாட்டரிக்கு அருகிலேயே பியூஸ் வைத்தல் வேண்டும். இன்றேல் கம்பி உராய்ந்து தீப்பற்றக் கூடும். இவற்றையெல்லாம் மெக்கானிக்குகள் நன்கறிவர். ஆண்டெனாவைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர். புளூடூத் இருக்க அது எதற்கு என்று கழற்றி எறிவோரும் உண்டு.

எதற்கு என்பதை ஒரு துயர நிகழ்ச்சி நினைவூட்டும். 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்புகளை மூடிற்று. 70 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றிருந்தமையால், செய்தி வெளியுலகை எட்டவே மறுநாட் காலை ஆயிற்று. வானொலி இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பர் என்று கூற எனக்கு உரிமையில்லை; வானொலிப் பெட்டி செய்தி பெறுமேயன்றி அனுப்பாது. எனினும் கோபுரங்கள் ஓய்ந்த மழையிரவில், மலைப்பாதையில் நிற்கும் ஓட்டுநருக்கு எச்சரிக்கை வந்து சேரக்கூடிய வழிகளுள், வண்டி பாட்டரியில் இயங்கும் வானொலியும் ஒன்று. அவ்வெச்சரிக்கை அவர் அறிந்த மொழியில் வருவது நலம்.

அண்மை ஆண்டுகளில் நம் நாட்டில் பல மத்திய அலை ஒலிபரப்பிகள் நிறுத்தப்பட்டு, பண்பலையும் இணையமும் அவற்றின் இடத்தைப் பெற்று வருகின்றன. தொலைதூர நகரங்களில் வாழும் நாம் கைப்பேசிச் செயலி வழியே தமிழ் நிலையங்களைக் கேட்கிறோம். தலைநகரில் அலுவலகம் செல்லும் நேரத்தில் நானும் அவ்வாறே கேட்கிறேன், அந்நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே செயலி சின்னாற்றுக் காட்டுக்குள் அலைத்தொடர்பின்றி மௌனமாகிவிடுகிறது.

சிற்றப்பா மீண்டும் கடைக்குச் சென்று, சற்று விலை கூடினும் இரு அலைவரிசைகளும் உள்ள கருவியை வாங்கினார். பழைய ஆண்டெனாவையும் முன்போல் நிறுத்தினார். ஊரில் உங்கள் உறவினர் எவரேனும் வண்டியின் செட்டை மாற்றவிருப்பின், இதனை அவருக்கு எழுதுங்கள்: பாட்டுக்காகப் புதியதை வாங்கட்டும், ஊர்க் குரலுக்காக ஆண்டெனாவை விட்டுவைக்கட்டும்.