மறுசேர்ப்புச் சோதனைச்சாவடிப் புரதம்

கோலாலம்பூரில் உள்ள பங்சார் என்ற ஊரின் பெயரே ஒரு கூட்டு. பூங்கே, கிரிசார் என்ற ஐரோப்பிய ரப்பர்த் தோட்ட உரிமையாளர்களின் பெயர்கள் சேர்ந்து பிறந்தது என்பார்கள். 'மறுசேர்ப்பு' என்பதும் அத்தகையதே: மனித மரபணுவை வேறொரு செல்லின் டிஎன்ஏவோடு சேர்த்து, அந்தச் செல்லையே புரதம் செய்யவைப்பது.

'சாவடி' பழைய சொல். வழிப்போக்கர் தங்குமிடம், ஊர் கூடுமிடம், பிறகு சுங்கம் வாங்குமிடம். ஆங்கிலேயரின் 'சோல்ட்ரி' இதன் உறவு.

நோயெதிர்ப்புச் செல்லின் மேலுள்ள பிடி-1 என்ற சோதனைச்சாவடிப் புரதம் அச்செல்லின் வேகத்தைத் தடுத்து, அது உடலையே தாக்காமல் காக்கிறது. 'சோதனைச்சாவடி' என்பதைவிட 'தடைச்சாவடி' என்றால் இன்னும் பொருந்தும் என்பேன். அந்தத் தடையைப் புற்றுநோய் தனக்குக் கேடயமாக்குகிறது. 1992-இல் பிடி-1-ஐக் கண்டறிந்த ஜப்பானின் தசுகு ஹோஞ்சோ, 2018-இல் ஜேம்ஸ் அல்லிசனோடு நோபல் பெற்றார். மறுசேர்ப்பு முறையில் செய்து ஆய்வகக் குப்பியில் வரும் இத்தகைய புரதம் மருந்தன்று. புதிய எதிர்ப்பொருள் அதில் ஒட்டுகிறதா என்று பார்ப்பதற்கானது.