பாவித்த டியூபா: கைமாறி வந்த ஒரு வரலாறு

நூற்றாண்டு காணும் எமது பாடசாலையின் பேண்ட் குழுவுக்கு ஒரு டியூபா வாங்கிக் கொடுப்போம் என்ற யோசனை பழைய மாணவியராகிய எங்களிடையே எழுந்தபோது, பாவித்த டியூபாவை வாங்குவது பாடசாலைக்குக் கௌரவமா என்றும் சிலர் கேட்டனர். டியூபாவின் வரலாறே அதற்குப் பதில் சொல்கிறது.

ஐரோப்பிய இராணுவ வாத்தியக் குழுக்கள் உஸ்மானியரின் மெஹ்தர் குழுக்களிடமிருந்து பலவற்றைக் கற்றன. பின்னர் பாடம் திசை மாறியது. 1828இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத், தமது புதிய பேண்டைப் பயிற்றுவிக்க இத்தாலியரான ஜியூசெப்பே டொனிசெட்டியை இஸ்தான்புல்லுக்கு அழைத்தார். அக்காலத்துக் குழுக்களில் அடித்தளச் சுரத்துக்கு உறுதியான பித்தளை வாத்தியம் இருக்கவில்லை. 1835 செப்டெம்பர் 12ஆம் திகதி பேர்லினில் வீப்ரெக்ட், மொரிட்ஸ் என்ற இருவர் டியூபாவுக்குக் காப்புரிமை பெற்றனர்.

பிரித்தானியப் படைகளோடு பித்தளை வாத்தியங்கள் எமது பிராந்தியத்துக்கும் வந்தன. 1885இல் இந்தியாவின் மீரட் நகரில் நாதிர் அலி கம்பனி தோன்றியது. அந்நகரின் ஜாலி கோட்டிப் பகுதி இன்றும் பேண்ட் வாத்தியங்களுக்குப் பெயர் பெற்றது.

டியூபா பெரும்பாலும் தனியாளின் சொத்தாக இருப்பதில்லை. படைக்கோ பாடசாலைக்கோ குழுவுக்கோ உரியது. வாசிப்பவர் விலகினாலும் கருவி அடுத்தவர் கைக்குப் போகும். ஆகவே கைமாறுவது அதற்கு இழுக்கல்ல.

ஆனால் வாங்குபவர் வரலாறு அறிந்திருக்க வேண்டும். 1939இல் லண்டன் மாநாடு சுருதியை 440 அதிர்வாக நிர்ணயித்தது. எனினும் பிரித்தானிய பித்தளைக் குழுக்கள் 1960களின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 452இலேயே வாசித்தன. அக்காலத்துக் கருவி பார்வைக்குப் பழுதின்றி இருந்தாலும், ஏனையவற்றோடு சேரும்போது ஏறக்குறைய கால் சுரம் உயர்ந்து ஒலிக்கும். விலை பேசுமுன் சுருதிமானியில் பார்ப்பது அவசியம்.

வால்வை அழுத்தாமல் அதன் குழாயை இழுத்தால் 'டப்' என்ற ஓசை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் காற்றுக் கசிகிறது. சிறு நெளிவுகளைத் தட்டி எடுக்கலாம். ஆனால் இளஞ்சிவப்புப் புள்ளிகள், பித்தளையிலுள்ள நாகம் கரைந்து உலோகம் உள்ளிருந்தே அரிக்கப்படுவதன் அடையாளம். பிலிமத்தலாவைக் கடைகளில் பித்தளைச் சாமான் வாங்கிப் பழகிய எமக்கும் இது புதுப் பாடம்.

வைத்தியர் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈரமான குழாயினுள் பூஞ்சணமும் நுண்ணுயிர்களும் வளரும். ட்ரொம்போன் வாசிப்பவர் ஒருவருக்குக் கருவியில் வளர்ந்த கிருமிகளால் நுரையீரல் ஒவ்வாமை அழற்சி ஏற்பட்டதை 2010இல் ஒரு மருத்துவ இதழ் பதிவுசெய்தது. எனவே வாங்கிய டியூபாவை முழுவதுமாகக் கழற்றி, இளஞ்சூட்டு நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவி, உலர்த்திய பின்னரே பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். ஊதுவாய் அடிக்கடி கழுவப்பட வேண்டும். பிங்கா ஓயா பெருகும் எமது ஊரில் அதை வைக்கும் அறை உயரத்தில் இருப்பதும் நல்லது.

விற்கும் நாள் வந்தால் பழைய பித்தளையாக நிறுத்து விற்கக் கூடாது. நிறுத்தால் அது சுமார் பத்துக் கிலோ உலோகம் மட்டுமே. பயிலும் பிள்ளைகள் உள்ள இன்னொரு பாடசாலைக்கு, உள்ள குறைகளையும் சொல்லியே விற்க வேண்டும். வியாபாரத்துக்குப் பெயர் பெற்ற அக்குறணைக்கு நாணயமான விற்பனையை யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை.