கிளைவின் துப்பாக்கி

பெரம்பலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் ஒரு நாள் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கொடுத்த காப்பியைக்கூடத் தொடவில்லை. "எங்கள் வீட்டுப் பரணில் கிளைவின் துப்பாக்கி இருக்கிறது, ஸார்! பழம்பொருள் வியாபாரி ஒருவன் விலை கேட்கிறான். என்ன பெறும் என்று நீங்கள்தான் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றார்.

சரித்திரக் கதை எழுதுகிறவனுக்குத் துப்பாக்கி விலையும் தெரியும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ! ஆனாலும் கிளைவ் என்ற பெயர் காதில் விழுந்த பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? மறுநாளே புறப்பட்டுவிட்டேன்.

நண்பரின் கதைக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்த்திருப்பார்கள். 1751ஆம் ஆண்டில் இந்த வாலிகண்டபுரத்துச் சீமையில் ஒரு சண்டை நடந்தது. முகம்மது அலிக்குத் துணையாகக் காப்டன் ஜிஞ்சன்ஸ் தலைமையில் ஆங்கிலப் பட்டாளம் ஒரு பக்கம். சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் மறுபக்கம். கோட்டைத் தலைவனோ இரண்டு கட்சிக்கும் பிடி கொடுக்காமல் பேசிப் பேசியே நாளைக் கடத்தினான். கடைசியில் சண்டை மூண்டபோது ஆங்கிலப் பட்டாளம் கிலி பிடித்து ஓடியது. ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கிய அந்தப் படையில் உணவுச் சாமான்களைக் கவனிக்கும் உத்தியோகத்தில் இருந்தவர்தான் ராபர்ட் கிளைவ். ஆர்க்காட்டு வெற்றி அதற்குச் சில மாதங்கள் பின்னால் வந்தது.

அன்று ஓடியவர்களில் ஒருவன் போட்டுவிட்டுப் போன துப்பாக்கி இது என்பது நண்பர் வீட்டுப் பரம்பரைப் பேச்சு.

பழைய துப்பாக்கி கையில் கிடைத்தால் முதலில் அதன் வயிற்றைப் பார்க்க வேண்டும். வயதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மருந்து இடிக்கும் கெஜக்கோலைக் குழாய்க்குள் மெதுவாக விட்டு, வாய் மட்டத்தில் அடையாளம் வைத்துக்கொண்டு, பிறகு அதையே குழாயின் வெளிப்புறத்தில் அளந்து பார்ப்பது வழக்கம். காலிக் குழாயானால் கோல் அடிவரை போய் முட்டும். இங்கே நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது.

"உள்ளே மருந்து இருக்கிறது!" என்றேன்.

வெடியுப்பு முக்கால் பங்கு, மீதியில் கரியும் கந்தகமும் சேர்த்து அரைத்த பழைய கருமருந்து, ஈரம் படாமல் இருந்தால் தலைமுறை கடந்தும் வீரியம் குறையாது. பரணுக்கு நேர் கீழே நண்பருடைய பேரனின் தூளி ஆடிக்கொண்டிருந்தது. நண்பர் ஓடிப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். துப்பாக்கியின் வாயை மண்சுவர்ப் பக்கம் திருப்பிக் கிடத்திவிட்டு, குதிரையைத் தொடாமல், கண்ணால் மட்டும் பார்க்கத் தொடங்கினேன்.

கருமருந்துத் துப்பாக்கிகளில் மூன்று தலைமுறை உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். முதலாவது, எரிகிற திரியால் மருந்தைப் பற்றவைப்பது. நம் பாளையக்காரர் படைகளில் இருந்தவற்றில் பெரும்பாலும் இந்த ஜாதி. 1765இல் நவாபின் சேனை அரியலூர், உடையார்பாளையத்தின் மீது வந்தபோதும் அங்கே திரிகள்தான் புகைந்திருக்கும். இரண்டாவது, சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கவிடுவது. 1751இல் ஆங்கிலச் சோல்ஜர் தோளில் இருந்தது இதுவே. மூன்றாவது, செப்புக் கேப்பின் மேல் குதிரை அடித்து வெடிப்பது. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் பட்டாளங்களுக்கு அது வந்தது.

நண்பர் வீட்டுத் துப்பாக்கி கேப்பு ஜாதி. ஆனால் பக்கத்துத் தகட்டில் அடைக்கப்பட்ட பழைய திருகுத் துளைகள் தெரிந்தன. சக்கிமுக்கியாகப் பிறந்து, பிற்பாடு கேப்புக்கு மாற்றப்பட்டது என்று அர்த்தம். குழாய் 39 அங்குலம். கிளைவ் காலத்து ஆங்கிலக் காலாட்படைத் துப்பாக்கிக்கு 46 அங்குலம். எல்லாவற்றுக்கும் மேலாக, தகட்டில் கிரீடம் ஏந்திய சிங்கம் ஒன்று நின்றது. நாலு பாகமாகப் பிரித்த இதய வடிவத்தையே முத்திரையாகப் போட்டு வந்த கிழக்கிந்தியக் கம்பெனி, 1808ஐ ஒட்டித்தான் இந்தச் சிங்கத்துக்கு மாறியது. கிளைவ் இறந்ததோ 1774இல்!

நண்பரின் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் விலை?" என்றார்.

முத்திரை தெளிவாக இருப்பது நல்லது. துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்காமல் விட்டதும் நல்லது. மாற்றி அமைத்த விசைக்கு மதிப்புக் குறைவு. எழுத்தில் ஆதாரம் இல்லாத கிளைவ் கதைக்கு ஒரு காசுகூடக் கூடாது. வெளிநாட்டில் விற்றுத் தருவதாக வியாபாரி ஆசை காட்டினானாம். நூறு வயதைக் கடந்த பழம்பொருளைத் தனி மனிதர் கடல் கடத்தக் கூடாது என்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பழைய மாதிரி ஆயுதங்களுக்கு விலக்கு அளிப்பது உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருக்க வேண்டும். மருந்தும் கையுமாக இருக்கிற இதற்கு அந்த விலக்கு ஏது?

போலீஸ் என்றதும் நண்பருக்கு நடுக்கம். "இரும்புக்கடையில் எடைக்குப் போட்டுவிடட்டுமா?" என்றார். எனக்குத் தஞ்சாவூர் ஞாபகம் வந்தது. 1863இல் அரண்மனை ஆயுதசாலையைக் கலைத்தபோது, பெரும்பகுதியைப் பழைய இரும்பாக உடைத்து விற்றார்கள். தப்பிப் பிழைத்தவற்றில் சில இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது போனவற்றை நினைத்து வயிறு எரிகிறது. ஆகவே அந்த யோசனையைத் தடுத்தேன். ஒளித்து வைப்பதைவிடச் சொல்லிவிடுவது மேல் என்று நானே அவருடன் போலீஸ் நிலையத்துக்குப் போனேன்.

தொழில் தெரிந்தவரைக் கொண்டு, மருந்தை நனைத்து, உள்ளே இருந்ததை எடுத்தார்கள். தேங்காய் நார் அடைப்பு வந்தது. அதன் பின்னால், யுத்தத்துக்குரிய ஒற்றைக் குண்டு வரவில்லை. சின்னச் சின்ன இரவைகள் பொலபொலவென்று கொட்டின. கடைசியாக இதைக் கெட்டித்தவன் எந்த நவாபுக்காகவும் கெட்டிக்கவில்லை.

திரும்பி வந்து இதைச் சொன்னபோது, திண்ணையில் இருந்த நண்பரின் தாயார் சிரித்தார்.

"எங்க மாமனார் சோளக்கொல்லையில பரண் கட்டிக்கிட்டு ராவெல்லாம் காவல் இருப்பாரு, தம்பி. பன்னி வெரட்டுன துப்பாக்கி அது. அந்தச் சோளத்துலதான் இந்தக் குடும்பமே வளந்துச்சு. கிளைவு கிளைவுன்னு ஊரெல்லாம் சொன்னாங்களே, ஒருத்தராவது என்னைக் கேட்டாங்களா?"