பிள்ளைகளிடம் கேட்டுச் செலவிட்ட கதை: இங்கிலாந்தின் அனுபவம்



பொதுக்குழுவில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? பெரும்பாலும் கீழே, கார் நிறுத்துமிடத்தில் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். விளையாட்டுத் திடலுக்கு எவ்வளவு, அதில் என்ன வாங்கலாம் என்பதையெல்லாம் மேலே நாம் முடிவு செய்துகொண்டிருப்போம். இதே சிக்கலோடு ஒரு நாடு பல பத்தாண்டுகள் போராடியிருக்கிறது. அந்த வரலாற்றை இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இங்கிலாந்தில் 'இளைஞர் சேவை' என்று ஒன்று உண்டு. மாலையில் பிள்ளைகள் கூடும் மன்றங்கள், அவர்களோடு பழகும் பயிற்சி பெற்ற பணியாளர்கள், விளையாட்டு, இசை, சுற்றுலா எல்லாம் அதில் அடக்கம். உள்ளாட்சிகளும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து நடத்துகின்றன. போர் தொடங்கிய 1939-இல், நவம்பர் மாதம் கல்வித் துறை அனுப்பிய ஒரு சுற்றறிக்கையிலிருந்து அரசின் பொறுப்பு தொடங்குகிறது. போர் முடிந்த பின் இந்தச் சேவை கவனிப்பாரின்றித் தேய்ந்தது.

1958-இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் ஆல்பமார்ல் சீமாட்டி. கட்டாய ராணுவப் பணி முடிவுக்கு வரவிருந்தது. போருக்குப் பின் பிறந்த பெருந்தொகையான குழந்தைகள் பதின்வயதை எட்டவிருந்தார்கள். 1960-இல் வெளியான அறிக்கை பத்தாண்டு வளர்ச்சித் திட்டம் ஒன்றைக் கேட்டது. சுமார் 700 ஆக இருந்த முழுநேரப் பணியாளர்களை 1966-க்குள் 1,300 ஆக்க வேண்டும் என்றது. அரசு உடனே ஏற்றது. 1961-இல் லெஸ்டரில் பயிற்சிக் கல்லூரி திறந்தது. புதிய மன்றங்கள் எழுந்தன. நல்ல காலம்தான். ஆனால் திட்டத்தை வகுத்தவர்கள் பெரியவர்கள்.

1982-இல் வந்த தாம்ப்சன் அறிக்கையின் தலைப்பே 'அனுபவமும் பங்கேற்பும்'. முடிவெடுப்பதில் இளைஞர்களுக்குப் பங்கு வேண்டும் என்ற பேச்சு அதில் அழுத்தமாக ஒலித்தது. பேச்சு பணமாக மாற இன்னும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

2005 ஜூலையில் அரசு ஒரு கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டு, இளைஞர்களிடமும் அவர்களுக்காக உழைக்கும் அமைப்புகளிடமும் கருத்துக் கேட்டது. 19,000-க்கும் அதிகமான இளைஞர்கள் பதில் எழுதினார்கள். மறு ஆண்டே, நடவடிக்கைகளுக்கு 'வாய்ப்பு நிதி', கட்டடத்துக்கும் சாதனங்களுக்கும் 'மூலதன நிதி' என இரண்டு நிதிகள் உள்ளாட்சிகளுக்கு வந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு 11.5 கோடி பவுண்டு. இதில் புதுமை என்ன தெரியுமா? 13 முதல் 19 வயதுப் பிள்ளைகள் கொண்ட குழுக்கள் விண்ணப்பங்களைப் படித்து, எதற்குப் பணம் தரலாம் என்று முடிவு செய்தன. பெரியவர்கள் உடனிருந்து உதவினார்கள்.

அதே 2006-இல் சட்டமும் வந்தது. இளைஞர்களுக்கான வசதிகளைப் பற்றி அவர்களின் கருத்தை உள்ளாட்சிகள் கேட்டறிய வேண்டும், அதைக் கணக்கில் கொள்ளவும் வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஆனால் இன்ன தொகை செலவிட வேண்டும் என்று அது சொல்லவில்லை. 'நியாயமாக இயன்ற அளவுக்கு' வசதி செய்து தந்தால் போதும்.

அந்த ஓட்டை சில ஆண்டுகளில் வெளிப்பட்டது. 2010-இல் ஆட்சி மாறியது. சிக்கன நடவடிக்கைகள் தொடங்கின. 2011-க்குப் பிறகு அந்த இரண்டு நிதிகளும் தனி நிதிகளாக இல்லை. கை வைக்கக்கூடாது என்று சட்டம் காக்காத செலவு எதுவோ அதில்தான் உள்ளாட்சிகள் முதலில் கை வைத்தன. இங்கிலாந்தில் இளைஞர் சேவைக்கு உள்ளாட்சிகள் செலவிட்டது 2010-11-இல் சுமார் 140 கோடி பவுண்டு. 2018-19-இல் சுமார் 43 கோடி என்று ஒய்எம்சிஏ கணக்கிட்டது. இத்தனை ஆண்டுகளும் கருத்துக் கேட்கும் கடமை சட்டத்தில் அப்படியே இருந்தது. பல ஊர்களில் மன்றத்தை மூடுவதற்கு முன்பும் கருத்துக் கேட்டார்கள்!

2024 நவம்பரில் அரசு மறுபடியும் இளைஞர்களோடு சேர்ந்து ஒரு தேசிய உத்தி வகுக்கப்போவதாக அறிவித்தது. 2005-இன் கேள்வி திரும்ப வந்திருக்கிறது.

இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். கருத்துக் கேட்பது எளிது. கேட்டுவிட்டு மறப்பதும் எளிது. 2006-இல் பிள்ளைகளுக்கு உண்மையான பங்கு கிடைத்ததற்குக் காரணம், ஒரு தொகையும் அதை ஒதுக்கும் அதிகாரமும் அவர்கள் கையில் வந்ததுதான். அது நிலைக்காமல் போனதற்குக் காரணம், அந்தத் தொகையை யாரும் விதியாக எழுதி வைக்காததுதான்.

நம் வளாகத்தின் தொகை சிறியது. ஆனாலும் அடுத்த பொதுக்குழுவுக்கு வரும்போது உங்கள் வீட்டுப் பதின்வயதுப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். ஆண்டுக்கு ஒரு சிறு தொகையை அவர்களே கூடி முடிவு செய்யட்டும், கணக்கையும் அவர்களே வாசிக்கட்டும். அந்தத் தொகையைத் தீர்மானமாக எழுதிக் கையொப்பமிடுவது மட்டும் நம் வேலையாக இருக்கட்டும்.