நிலவைக் கேட்ட தில்லி

1969 ஜூலை 21, இந்திய நேரப்படி காலை 8.26 மணிக்கு நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் பதித்தார். அன்று இந்தியாவில் தொலைக்காட்சி நிலையம் இருந்த ஒரே நகரம் தில்லி. 1959 செப்டம்பர் 15இல் அந்நிலையம் தொடங்கப்பட்டது. ஆயினும் தில்லிவாசிகள் அக்காட்சியை நேரலையில் காணவில்லை. செயற்கைக்கோள் வழி வரும் அயல்நாட்டு ஒளிபரப்பை வாங்கித் தலைநகருக்கு அனுப்பும் கட்டமைப்பு அப்போது இல்லை; புணே அருகே ஆர்வி தரைநிலையம் 1971இல்தான் இயங்கத் தொடங்கியது. நிலவுப் பயணத்தைத் தலைநகரம் வானொலியில் கேட்டது, நாளிதழில் படித்தது.

அப்பயணிகள் நிலவில் விட்டுவந்த சிலிக்கான் வட்டில் 73 நாடுகளின் வாழ்த்துச் செய்திகள் பொறிக்கப்பட்டிருந்தன. இந்திரா காந்தியின் செய்தியும் அவற்றுள் ஒன்று. தில்லியின் சொல் நிலவை அடைந்தது. நிலவின் காட்சி தில்லியை அடையவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்ட் 15இல் இஸ்ரோ உருவானது. விக்ரம் சாராபாய் முன்னிறுத்தியது நிலவை அன்று. தகவல் தொடர்பையும் கல்வியையும். 1975-76இல் ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள் செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சி கண்டன. 1984 ஏப்ரலில் சல்யூட்-7 நிலையத்திலிருந்து ராகேஷ் சர்மா இந்திரா காந்தியுடன் உரையாடியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

விண்வெளி வரலாற்றை எழுதுவோர் யார் சென்றார் என்பதோடு, யாரால் காண முடிந்தது என்பதையும் கேட்க வேண்டும்.