கோர் டம்ப்

லினக்ஸில் ஒரு நிரல் பாதியில் செயலிழந்தால் சில சமயம் திரையில் 'கோர் டம்ப்டு' என்று வரும். அந்த நொடியில் நிரலின் நினைவகத்தில் இருந்ததை அப்படியே ஒரு கோப்பில் கொட்டிவைத்தாயிற்று என்று பொருள். 'டம்ப்' என்றால் கொட்டுதல்.

'கோர்' இங்கே செயலியின் கோர் அல்ல, காந்த வளையம். டிரான்ஸ்ஃபார்மரில் கம்பிச் சுருளின் நடுவே இருக்கும் இரும்பை மின் பொறியாளர்கள் கோர் என்பார்கள். கம்பி கோத்த ஃபெரைட் வளையங்களுக்கும் அதே பெயர் வந்தது. 1953இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரெஸ்டர் குழுவினர் வேர்ல்விண்ட் கணினியில் இவற்றை நினைவகமாகப் பொருத்தினர்.

ஒரு வளையம், ஒரு பிட். காந்தப்புலம் ஒரு பக்கம் சுற்றினால் 1, மறுபக்கம் சுற்றினால் 0. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பிகளில் தலா பாதி மின்னோட்டம் விட்டால், இரண்டும் சந்திக்கும் வளையம் மட்டும் திசை மாறும். படித்தாலே பதிவு அழியும். உடனே திரும்ப எழுத வேண்டும்.

நிரல் முறிந்ததும் வளையங்களில் இருந்ததை எண்களாகத் தாளில் அச்சிட்டு, பிழையைத் தேடினார்கள். அதுதான் கோர் டம்ப். 1970களில் சிலிக்கன் நினைவகச் சில்லுகள் வந்து வளையங்கள் வழக்கொழிந்தன. ஆனாலும் யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் நினைவகத்தைக் கொட்டிவைக்கும் கோப்பின் பெயர் இன்னும் 'கோர்'தான்.