பார்க்கப் பார்க்கச் சிதையும் படிகம்

புரதத்தின் உருவத்தை எக்ஸ் கதிரால் படம்பிடிக்கும் வேலையில் ஆதியிலிருந்தே ஒரு சங்கடம் உண்டு. உருவத்தைக் காட்டும் அதே கதிர்தான் படிகத்தைச் சிதைக்கவும் செய்கிறது. 1934இல் கேம்பிரிட்ஜில் பெர்னாலும் டோரதி குரோஃபுட்டும் பெப்சின் படிகத்தைத் தாய்க்கரைசலோடு சேர்த்தே வைத்துத் தெளிவான படம் எடுத்தார்கள். படிகம் காய்ந்துவிடக் கூடாது என்பதே அன்றைய கவலை. கதிரால் வரும் கேட்டை ஒழுங்காக அளந்து பார்க்க 1962 ஆயிற்று. அந்த ஆண்டு பிளேக்கும் டேவிட் பிலிப்ஸும் மயோகுளோபின் படிகத்தின் மேல் தொடர்ந்து கதிரைப் பாய்ச்சி, சிதறல் புள்ளிகள் மங்கும் வேகத்தைக் கணக்கிட்டார்கள். படிகம் உள்வாங்கும் ஒவ்வொரு ஃபோட்டானும் சுமார் 70 மூலக்கூறுகளை உருக்குலைத்து, மேலும் 90ஐ நிலைகுலைய வைக்கிறது என்றது அவர்கள் கணக்கு.

குளிர்தான் மருந்து என்று தெரிந்தது. 1970இல் ஹாஸும் ராஸ்மனும் படிகத்தைச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து மைனஸ் 75 டிகிரிக்குக் குளிர்வித்தபோது, கேடு ஏறத்தாழப் பத்து மடங்கு மெதுவாயிற்று. ஆனாலும் இந்த முறைக்கு உண்மையான அவசரம் செல்லில் புரதம் கட்டும் ரைபோசோமால்தான் வந்தது. அடா யோனத் வளர்த்த ரைபோசோம் படிகங்கள் அறை வெப்பத்தில் கதிர் பட்டதுமே செத்துப்போயின. ஹோகன் ஹோப்பின் உறைகுளிர் முறை அவற்றைக் காப்பாற்றியது. 2009இல் யோனத், ஸ்டைட்ஸ், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்ததில் இந்தக் குளிருக்கும் பங்கு உண்டு.

படிகத்தை உறைகுளிர்விக்க, மயிரிழை போன்ற நைலான் வளையத்தில் அதை அள்ளி, கிளிசரால் போன்ற ஒன்றைச் சேர்த்து, திரவ நைட்ரஜனில் சட்டென்று முக்குவார்கள். கொஞ்சம் பிசகினாலும் பனிக்கட்டி உருவாகி, படத்தில் வட்டம் வட்டமாகத் தெரியும்.

குளிர் தந்த நிம்மதி நீடிக்கவில்லை. புள்ளிகள் மங்குவதற்கு வெகு முன்பே கேடு தொடங்கிவிடுகிறது என்று 2000இல் வந்த ஆய்வுகள் காட்டின. மின்திருக்கை மீனின் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியில் முதலில் எடுத்த தரவையும் கடைசியில் எடுத்த தரவையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தால், இரண்டு கந்தக அணுக்களுக்கு நடுவே எலக்ட்ரான் அடர்த்தி குறைந்திருக்கும். டைசல்பைடு பிணைப்பு அறுந்ததற்கு அதுவே தடயம். புரதத்தில் உள்ள இத்தகைய பிணைப்புகள் எல்லாம் ஒரே வேகத்தில் அறுவதில்லை. அமிலப் பக்கச் சங்கிலிகள் கார்பாக்சில் தொகுதியை இழப்பதும் உண்டு.

2006இல் எல்ஸ்பெத் கார்மன் குழு, படிகம் உள்வாங்கும் கதிரளவு 30 மெகாகிரேயைத் தாண்ட வேண்டாம் என்று வரம்பு வகுத்தது. உலோகங்களுக்கு அந்த வரம்பு மிக அதிகம். ஒளிச்சேர்க்கையில் நீரைப் பிளக்கும் புரதத்தில் உள்ள மாங்கனீசு, தரவு எடுக்கும்போதே ஒடுக்கம் அடைகிறது என்று 2005இலேயே கண்டிருந்தார்கள். 2015இல் ஜப்பானின் சாக்லா எக்ஸ் கதிர் லேசர், கேடு பரவுமுன் முடிந்துவிடும் ஃபெம்டோநொடித் துடிப்பால் அதே புரதத்தைப் படம்பிடித்தது. மாங்கனீசு அணுக்களின் இடைவெளி சிங்க்ரோட்ரான் எக்ஸ் கதிரால் எடுத்து 2011இல் வெளியான படத்தில் கண்டதைவிட 0.1 முதல் 0.2 ஆங்ஸ்ட்ராம் குறைந்திருந்தது. நீர் எப்படிப் பிளக்கிறது என்று தேடுவோருக்கு அது பெரிய வேறுபாடு.

புரதத் தரவு வங்கியில் ஏற்கெனவே உள்ள உருவங்களிலும் கேட்டைக் கண்டறிய, 2022இல் கார்மன் குழு பி-நெட் என்ற அளவீட்டைத் தந்தது. வங்கியிலிருந்து ஓர் உருவத்தை எடுத்து, அதன் உலோகத்தையோ கந்தகத்தையோ நம்பி மருந்து வடிவமைக்கப் போகிறவர்கள், முதலில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும்.